பூண்டு வேகவைத்த பால்

என் சோட்டுப் பெண்களே, என் வயதுக்காரிகளே, நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது பல் இல்லை. பாதிப் பேருக்கு மூக்கும் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் நான் சொல்லப்போகிற வாடையை நீங்கள் காதால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் நம் சபைப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் நம்மில் ஒருத்தி மாத்திரை டப்பா ஒன்றைக் காட்டினாள். உள்ளே பூண்டு எண்ணெய் இருக்கிறதாம், ஆனால் வாடை வராதாம். நெஞ்சுக்கு நல்லது என்று மகன் வாங்கிக் கொடுத்தானாம். ஆளாளுக்குக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து அதிசயப்பட்டீர்கள். நான் மட்டும் வாங்கிப் பார்க்கவில்லை. என்ன, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல வரவில்லை. எழுதத்தான் வருகிறது, அதுவும் பையத்தான் வருகிறது.

பூண்டிலிருந்து வாடையை எடுக்கிற வேலையை என் அம்மா அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே செய்தாள். நன்றாகச் செய்தாள். ஆனால் எடுத்த வாடை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. எங்கேயாவது அது போகத்தானே வேண்டும்? எனக்குள் வந்தது.

அப்போது எனக்கு வயது ஒன்பது முடிந்து பத்து. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அப்பா மலைமேல் எஸ்டேட்டில் தேயிலை மூட்டை தூக்கினார், மாதத்துக்கு ஒருமுறை இறங்கி வருவார். அம்மா, மார்க்கெட்டில் பலசரக்குக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குப் பூண்டும், ஈருள்ளி என்கிற சின்ன வெங்காயமும் உரித்துக் கொடுத்தாள். அண்ணாச்சி அதை ஓட்டல்களுக்குக் கொடுப்பார். காலையில் மூட்டை வந்து இறங்கும். பூண்டை வெயிலில் காயவைத்து, சாக்கோடு வைத்துக் கம்பால் தட்டி, தோல் கழன்றதை முறத்தில் புடைத்து, கழலாததை நகத்தால் உரிக்க வேண்டும். சாறு நகக்கண்ணில் இறங்கினால் தீப்பட்ட மாதிரி எரியும். தோல் எங்கேயும் பறக்கும். சோற்றில் கிடக்கும், தலைமுடியில் கிடக்கும், வேதப் புத்தகத்தைத் திறந்தால் சங்கீதத்துக்கு நடுவில் ஒரு தோல் இருக்கும். மழை பெய்து காற்று அடங்கிய நாளில் எங்கள் சுவரே நாறும்.

காலைச் சாப்பாடு பழையசோறு, தொட்டுக்கொள்ளப் பச்சை ஈருள்ளி. அதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். வாடை அடித்திருக்கும். அடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

நாலாம் வகுப்பு டீச்சர் சிவந்த மேனி, உயரம். கஞ்சி போட்ட வாயில் துணிச் சேலை கட்டி, இடுப்பில் செருகிய கைக்குட்டையில் ஓடிகொலோன் சென்ட் இரண்டு சொட்டு விட்டிருப்பார். அவர் பக்கத்தில் வந்தால் நமக்கே பவுடர் போட்ட மாதிரி இருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இப்போது அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை.

அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கும்போது என் முறை வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அடுத்த ஆள்" என்பார். ஜெபப் பாட்டுக்கு நிற்கும்போது என்னிடம் தனியாகச் சொன்னார், நீ பாட வேண்டாம், உதட்டை மட்டும் அசை என்று. அசைத்தேன். ஒரு வருஷம் முழுக்க உதட்டை அசைத்தேன். வாசிக்கத் தெரியவில்லை என்று வருஷக் கடைசியில் என்னை நாலாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். வாசிக்கச் சொன்னால்தானே தெரிகிறதா தெரியவில்லையா என்று தெரியும்?

அம்மா சொல்லிவிட்டாள், இன்னொரு வருஷம் பார்ப்பேன், அதிலும் ஏறவில்லையென்றால் முறத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடு என்று. அவள் கோபத்தில் சொல்லவில்லை. மூட்டை அதிகம், கை இரண்டு. அந்த முறத்தை நான் தாண்டக்கூட மாட்டேன், சுற்றித்தான் போவேன். ஐந்தாம் வகுப்புக்கு ஏறவேண்டும், அதற்கு நான் வாசிப்பதை யாராவது காதால் கேட்கவேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டாம் முறை நாலாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போனார். பதிலுக்கு வந்தவர் வயதானவர், சளி பிடித்து மூக்கு எப்போதும் அடைத்திருக்கும். அவருக்கு என் வாடை தெரியவில்லை போலிருக்கிறது, எல்லாரையும் போல என்னையும் வாசிக்க வைத்தார். அந்த மூன்று மாதத்தில்தான் நான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றேன். தை மாதம் டீச்சர் திரும்பி வந்தார். மறுபடி "அடுத்த ஆள்".

டீச்சர் கைப்பிள்ளையோடு பட்ட கஷ்டம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தத் தை மாதமே அம்மா அவர் வீட்டுக்குச் சமைக்கப் போனாள். டீச்சரின் மாமியார் எங்களிடம் பூண்டு வாங்குகிறவர். மருமகளுக்குப் பால் போதவில்லை, தினமும் முப்பது பல் பூண்டாவது வயிற்றுக்குள் போகவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். டீச்சர் மாட்டேன் என்றார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு முதல்நாள் அந்த வீட்டு அடுப்படி வாசலில் நின்றபோது அந்தச் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

"தின்னுட்டு எப்படி அத்தை ஸ்கூலுக்குப் போவேன்? அந்தப் பிள்ளைய மாதிரி நானும் நாறவா?" என்று டீச்சர் கையை நீட்டினார். நீட்டின கை என்மேல்தான் நின்றது.

அம்மாவுக்குக் கேட்டது. ஆனால் அம்மா வேலைக்கு வந்தவள்.

"வாடை வராம நான் செஞ்சு தாரேன் டீச்சரம்மா. பூடு முழுசா இருக்கவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கிடக்கும். நசுக்குனாத்தான் வாய் தொறக்கும். நசுக்காம வேவிச்சிட்டா அப்புறம் அது ஊமை" என்றாள்.

அம்மா எப்படிச் செய்தாள் என்பதை எழுதிவிடுகிறேன், மாத்திரை வாங்குகிறவர்களுக்கு உதவும். பூண்டைத் தோலோடு பல் பல்லாகப் பிரிப்பாள். கீறல் விழுந்த பல், நசுங்கின பல், முளைவிட்ட பல் எல்லாம் தள்ளுபடி. நல்லதை அப்படியே பாலும் தண்ணீரும் கலந்து அதில் போட்டு, சிறு தீயில், தொட்டால் வெண்ணெய் மாதிரி அமுங்குகிறவரைக்கும் வேகவைப்பாள். பிறகு அந்தப் பாலை வடித்துவிட்டு, தோலைப் பிதுக்கி எடுத்து, நல்லெண்ணெயில் ஒரு புரட்டு புரட்டிக் குழம்பில் போடுவாள். பல்லாரி வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறி, புளித்த மோரில் ஊறவைத்துப் பிழிந்து எடுப்பாள். சாப்பிட்ட பிறகு குடிக்க ஒரு செம்பு மோர், மெல்ல ஒரு பிடி புதினா. டீச்சர் முப்பது பல் பூண்டு தின்றார், பவுடர் வாசமாகவே இருந்தார்.

வடித்த பால் இருக்கிறதே, அதுதான் விஷயம். பூண்டின் வாடை அத்தனையும் அதில் இறங்கியிருக்கும். மாமியார் அதைக் கொட்டிவிடச் சொல்லியிருந்தார். அம்மா கைக்குப் பாலைக் கொட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் பால் வாங்கினதே இல்லை. நான் எலும்பும் தோலுமாக இருப்பேன். அதனால் கருப்பட்டி கொஞ்சம் தட்டிப் போட்டு, விளிம்பில் பூச்சு உதிர்ந்த ஒரு நீல எனாமல் டம்ளரில் ஊற்றி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் என்னை உட்கார்த்திக் குடிக்க வைத்தாள். ஒரு நாள் டீச்சர் பின்வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டே அதைப் பார்த்தார். அம்மா பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"குடிக்கட்டும், சாக்கடைக்குப் போறதுதானே" என்றார்.

அந்தப் பால் எனக்குப் பிடித்திருந்தது. ஆடை மஞ்சளாக, தடிப்பாக இருக்கும். தொண்டையில் காரமாக இறங்கி வயிற்றில் போய்ச் சூடாக உட்காரும். அந்த டம்ளரை இப்போதும் நினைத்தால் உதட்டில் அந்த உதிர்ந்த விளிம்பு உறுத்துகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ எவர்சில்வர் டம்ளர் வாங்கிவிட்டேன்.

அந்த வாரமே வகுப்பில் நான் பழையபடி கூட இல்லை, மோசமாகிவிட்டேன். ஈருள்ளி வாடை வாயில் மட்டும் இருக்கும். இது வியர்வையிலேயே வந்தது. டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, உன் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே தண்ணீர்ப் பானை பக்கத்தில் உட்கார் என்றார். உட்கார்ந்தேன். கதவு வழியாகப் பார்த்தால் கரும்பலகையில் பாதி தெரியும். மற்றப் பாதியைக் காதால் கேட்டு நிரப்பிக்கொள்வேன். தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து குடித்துவிட்டு ஓடும்.

அதில் ஒருத்தி, தாலுகா கச்சேரி கிளார்க் மகள், கொஞ்சம் துணிச்சல்காரி. ஒருநாள் குனிந்து என் கழுத்தை முகர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, நீ ஈருள்ளி தின்ன மாதிரி இல்ல. பால்ல போட்ட பூடு மாதிரில்லா அடிக்கி" என்றாள்.

என் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. டீச்சர் தின்ற பூண்டின் வாடையை நான் சுமந்துகொண்டு, அந்த வாடைக்காக டீச்சராலேயே வெளியே உட்கார்த்தப்பட்டிருக்கிறேன். டீச்சருக்கு அது தெரியும். முருங்கை மரத்தடியில் பார்த்தவர்தானே. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வார்த்தை கிடையாது. ஆனால் புரிந்துவிட்டது. புரிந்தது எங்கேயும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இனி அந்தப் பால் வேண்டாம் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாடைக்குப் பயந்து பால வேண்டாங்கிறியா? வாடை நாலு நாள்ல போயிரும் மக்கா, ஒடம்புல பிடிச்ச சதை போகாது" என்றாள்.

அம்மாவின் கணக்கு தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவளுக்கு வகுப்பறை தெரியாது, பட்டினிதான் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபத்தையெல்லாம் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன், பிரித்துக் கொடுப்பதில்லை.

மறுநாளிலிருந்து பாலை முருங்கைத் தூரில் ஊற்றினேன், அம்மா பார்க்காத நேரமாக. ஈருள்ளியையும் விட்டேன். பழையசோற்றுக்கு உப்புக்கல்லைக் கடித்துக்கொண்டேன். விரலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன், கொய்யா இலையை மென்று துப்பினேன். ஒரு வாரத்தில் கிளார்க் மகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தாள். நான் டீச்சரிடம் போய், "டீச்சர், இப்ப வாடை இல்ல. உள்ள வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை, மூக்கை என் பக்கம் திருப்பவும் இல்லை.

"வாடை இருக்கவங்களுக்கு அது தெரியாது. போய் உக்காரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். வாடை இருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

மாசிக் கடைசியில் இன்ஸ்பெக்டரம்மா வருகிறார் என்று பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நாலாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் அவரே வாசிக்கச் சொல்லிக் கேட்பார், வாசிக்கிற பிள்ளை ஐந்துக்குப் போகும் என்று பேச்சு. எனக்கு உள்ளுக்குள் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. ஆற்றைப் பற்றின பாடம் ஒன்று. மலையில் பிறந்து கடலுக்குப் போகிற வரைக்கும் ஆறு தானே பேசுகிற மாதிரி இருக்கும். பானைப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தேய்ந்துபோகிற வரைக்கும் வாசித்திருந்தேன்.

முந்தின நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு நீ வீட்டுக்குப் போய்விடு, வகுப்புக்கு வராதே என்றார். நான் வாசிப்பேன் டீச்சர் என்றேன். யார் கேட்கப் போகிறார்கள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பல் வரிசை அழகாக இருக்கும் அவருக்கு.

அன்று மத்தியானம் அம்மா தூக்குச்சட்டியில் சோறு, பூண்டுக் குழம்பு, பருப்புத் துவையல், பல்லாரிப் பச்சடி எல்லாம் அடுக்கி, மோர்ச் செம்பும் புதினாப் பொட்டலமும் தந்து அனுப்பினாள். நான் நேரே போகவில்லை. கோயில் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பாவாடை மடிப்பில் எட்டுப் பல் பச்சைப் பூண்டு முடிந்து வைத்திருந்தேன், எங்கள் வீட்டு மூட்டையில் இருந்து எடுத்தது, நல்ல காரமான நாட்டுப்பூண்டு. ஒரு கல்லைக் கழுவி வைத்து, இன்னொரு கல்லால் நசுக்கினேன். அவசரமே படவில்லை. அம்மா சொன்னபடி அது வாயைத் திறந்தது. கண்ணில் நீர் வந்தது. நசுக்கினதைத் துவையலுக்குள் வைத்துப் பிசைந்தேன். மிளகாய் உறைப்பில் அது மறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும், பூண்டு உரிக்கிற வீட்டுப் பிள்ளை அல்லவா.

அப்புறம் மோரைக் குடித்தேன். புதினாவை ஒரு இலை விடாமல் மென்றேன். அவர் வாடையை நான் ஒரு மாதம் குடித்தேன், அவர் வாசத்தையும் ஒருநாள் நானே தின்றால் என்ன என்று இருந்தது. கையைப் பூவரச இலையாலும் மண்ணாலும் தேய்த்து, தெருக்குழாயில் கழுவி, மறுபடி தேய்த்துக் கழுவினேன்.

இன்ஸ்பெக்டரம்மா முன்கூட்டியே வந்துவிட்டார். டீச்சர் அலுவலக அறைக்குப் பின்னால் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டார். துவையல் இன்றைக்கு என்ன இப்படி உறைக்கிறது என்று என்னிடம் கேட்டார், கேட்டுவிட்டு இன்னொரு உருண்டை எடுத்துக்கொண்டார். மோர் எங்கே என்றார். வழியில் சிந்திவிட்டது என்றேன். திட்ட நேரமில்லை, தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடினார். நான் வீட்டுக்குப் போகவில்லை. வகுப்புக்குள் போய்க் கடைசி வரிசையில், கிளார்க் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தபோது இன்ஸ்பெக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா கனத்த சரீரம், தடித்த கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் குனிந்து நின்று ஆஜர்ப் பட்டியலைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். டீச்சர் இன்னும் குனிந்தார். அவர் மறுபடி நகர்த்தினார். பிறகு முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், "யாரு இங்க இப்படிப் பூடு தின்னுட்டு வந்திருக்கது?" என்று கேட்டார்.

டீச்சருக்கு ஒரு விநாடி கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தக் கடைசிப் பிள்ளைதான் அம்மா. பூடு உரிக்கிற வீடு. எத்தனையோ சொல்லியாச்சு. இன்னைக்கு வரக்கூடாதுன்னும் சொன்னேன்."

நான் எழுந்து நின்றேன். இன்ஸ்பெக்டரம்மா என்னைக் கிட்டே வரச் சொன்னார். போனேன். கையை நீட்டச் சொன்னார், முகர்ந்தார். வாயைத் திறந்து ஊதச் சொன்னார். அவர் கண்ணாடியில் புகை படிகிற அளவுக்கு ஊதினேன்.

"புதினா வாசம்லா வருது" என்றார். அப்புறம் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, டீச்சரைப் பார்த்து, சத்தத்தை உயர்த்தாமல், "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க டீச்சர்" என்றார்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டீச்சருக்கு அடிக்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவர் கை தானாக வாய்க்குப் போனது. உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அறுபது வருஷமாக, மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், இன்னும் சாயம் போகவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா என்னை வாசிக்கச் சொன்னார். ஆற்றுப் பாடத்தை வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது, நிறுத்திக் கூட்டி வாசித்தேன். அந்த வகுப்பில் என் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முடித்ததும் அவர் ஒரு நோட்டில் எழுதினார். எழுதியதை டீச்சரிடம் படித்துக் காட்டினார். இந்தப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற வேண்டும், அதுவரை முன்வரிசையில் உட்கார்த்த வேண்டும்.

சாயங்காலம் நான் டீச்சர் வீட்டுக் கொல்லைக்குப் போனபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் மேலே நின்றிருந்தார். எத்தனை பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்று கேட்டார், பச்சைப் பூண்டை நசுக்கிப் போட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார். அம்மா முதலில் சத்தியம் செய்தாள். நான் நசுக்கவே இல்லையே, நசுங்கின பல்லைத் தள்ளித்தானே வைத்தேன் என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவசரத்தில், துவையல் அரைக்கிறபோது, அம்மியில் ஏதாவது கிடந்திருக்குமோ. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"என் கைதான் தப்பியிருக்கும் டீச்சரம்மா. மன்னிச்சுக்கிடுங்க" என்றாள்.

நான் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பிள்ளைபெற்றவள் சாப்பாட்டிலேயே கவனம் இல்லாதவள் என்று பேச்சு பரவியது. அண்ணாச்சி காதுக்கும் போய், மூட்டை பாதியாகக் குறைந்தது, பிறகு நின்றது. முன்வரிசையில் நான் பதினோரு நாள் உட்கார்ந்தேன். டீச்சர் என்னைப் பார்க்காமலே பாடம் நடத்தினார். பன்னிரண்டாம் நாள் அப்பா வந்து, இங்கே இருந்து என்ன செய்ய, எல்லாரும் மேலே வாருங்கள் என்று சாமான்களைக் கட்டினார். எஸ்டேட்டில் அட்டை கடித்த கால்களோடு அம்மாவும் நானும் கொழுந்து கிள்ளினோம். எனக்கு ஐந்தாம் வகுப்பு இருந்தது, நோட்டில் எழுதி இருந்தது. போய் உட்காரத்தான் முடியவில்லை.

டீச்சர் அதற்குப் பிறகு பூண்டைத் தொடவே இல்லை, பிள்ளைக்கு டப்பாப் பால் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கைப்பிள்ளையை நினைத்தால் மட்டும் கொஞ்சம் நெஞ்சு கனக்கும். கொஞ்சம்தான்.

அம்மா சாகிற வரைக்கும் அது தன் கை செய்த தப்பு என்றே நம்பினாள். எஸ்டேட் லயத்து வீட்டில் யாராவது பூண்டு நசுக்கச் சொன்னால், எனக்குக் கை சரியில்லை என்று தள்ளிவிடுவாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், இதற்காகவா உன் படிப்பும் போச்சு என்று அவள் அழுவாள் என்று பயந்து சொல்லவில்லை. அவளைப் புதைத்தபோது அதையும் சேர்த்துப் புதைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நம் புதுக் குருவானவர், யார்மேலாவது குறை இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு, பிறகு அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வாருங்கள் என்று பிரசங்கம் செய்தாரே, உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அது சுருக்கென்றது. டீச்சர் இன்னும் உயிரோடு, அதே வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டவுன் பஸ் ஏறிப் போனேன். பார்த்துக்கொள்கிற பெண் கதவைத் திறந்தாள். டீச்சர் பிரம்பு நாற்காலியில், தொண்ணூறு தாண்டி, நார் மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கல், காது நன்றாகக் கேட்டது. யார் என்று சொன்னதும் தெரிந்துகொண்டார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்குத் துவையல்ல பூட நசுக்கிப் போட்டது எங்க அம்மா இல்ல டீச்சர், நான்தான்."

"தெரியும்" என்றார்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று இருந்தது.

"உங்க அம்மா நசுக்க மாட்டா. அவ கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவள நிறுத்துனீய?"

அவர் யோசித்துச் சொல்லவில்லை. பாடம் சொல்வது மாதிரி ஒழுங்காகச் சொன்னார். "உன்ன நிறுத்த முடியாதே. இன்ஸ்பெக்டரம்மா நோட்டுல எழுதிட்டாங்க. உன்ன வெளிய அனுப்புனா நான் பதில் சொல்லணும். உங்க அம்மாவுக்கு வேலை இல்லன்னா நீயா நின்னுருவேன்னு தெரியும். நின்னுட்ட."

அம்மா தப்பு செய்யவில்லை என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவள் தன் இரண்டு கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த?" என்றார் டீச்சர்.

"மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்."

"கேளு" என்றார்.

கையை மடியில் கோத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார், பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு அந்தக் காலத்தில் காத்திருப்பாரே, அதே மாதிரி. எனக்கு எழுபது வயது. பேரன் பேத்தி எடுத்தவள்.

"கேக்கல டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் வரிசையாக எழுந்து திருவிருந்துக்குப் போனீர்கள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒருத்தி முழங்கையால் இடித்து, வா ஏட்டி என்று தன்னோடு கூப்பிட்டாள். முட்டு வலிக்கிறது என்றேன். எனக்கு முட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த மாதமும் போகவில்லை, வருகிற மாதமும் போகமாட்டேன். குருவானவர் வந்து கேட்டால், இந்தக் காகிதத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.